சிறு குடும்பத் தோட்டத்து வெள்ளைப் பர்கண்டி: வாங்குவது முதல் கிளாஸில் ஊற்றுவது வரை

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் விளையும் வெள்ளை ஒயினைத்தான் வெள்ளைப் பர்கண்டி என்கிறார்கள். அதை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஊர் ஒயின் நல்லது?" என்றுதான். நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஊரை அப்புறம் பார்க்கலாம், யார் வீட்டு ஒயின் என்று முதலில் பாருங்கள். ஒரே சரிவில், ஒரே திராட்சையை, அடுத்தடுத்த வரிசைகளில் வளர்க்கும் இரண்டு குடும்பங்களின் ஒயினுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். கவனமான குடும்பம் ஒன்றின் எளிய பாட்டில், அசட்டையாக வேலை செய்பவரின் பெரிய பெயர் கொண்ட பாட்டிலைவிட எத்தனையோ மேல். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பதற்கும், அவர்கள் உழைப்பை வீணாக்காமல் குடிப்பதற்கும்தான்.

1. நிலத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள்

பிரான்சின் கிழக்குப் பகுதியில், டிஜோன் நகரத்துக்குத் தெற்கே, சோன் ஆற்றுச் சமவெளியின் ஓரமாக ஒரு தாழ்ந்த மலைச்சரிவு நீண்டு போகிறது. பெரும்பாலும் கிழக்கே பார்த்த சரிவு. காலை வெயில் நேராக விழும். அடியில் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணக் களிமண்ணும். சரிவின் வடபாதிக்குக் கோத் தெ நுயி என்று பெயர், அது சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. தென்பாதி கோத் தெ போன். மெர்சோ, புலின்யி-மோன்ரஷே, ஷசான்யு-மோன்ரஷே என்ற மூன்று புகழ்பெற்ற வெள்ளை ஒயின் ஊர்களும் அங்கேதான் இருக்கின்றன. இன்னும் தெற்கே போனால் கோத் ஷலோனேஸ், அதற்கும் கீழே மக்கோன். ஷப்லி மட்டும் தனியாக, வடமேற்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. அங்கே மண்ணைக் கிளறினால் காற்புள்ளி போல வளைந்த சின்னஞ்சிறு சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

வெள்ளை என்றால் ஏறக்குறைய எல்லாமே ஷார்தொனே திராட்சை. மக்கோன் பக்கம் ஷார்தொனே என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் உண்டு. இரண்டாவது திராட்சை அலிகொத்தே, புளிப்பு கூடியது, விலை குறைவு.

தரத்துக்கு நான்கு படிகள். அடியில் பூர்கோன் (பர்கண்டியின் பிரெஞ்சுப் பெயர்) என்ற பொதுப்பெயர் கொண்ட ஒயின். அதற்கு மேலே ஊர்ப்பெயர் கொண்டது. அப்புறம் ப்ரமியே க்ரு, உச்சியில் க்ரான் க்ரு. வெள்ளை, சிவப்பு இரண்டும் சேர்த்தே க்ரான் க்ரு மொத்தம் 33தான். பொதுவாகச் சரிவின் நடுப்பகுதி மேல்தரம், கீழே இறங்கிச் சமவெளியில் நெடுஞ்சாலையைத் தாண்டினால் பொதுப்பெயர். இங்கே ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: இந்தத் தரம் நிலத்துக்குக் கொடுக்கப்பட்டது, அதில் வேலை செய்கிற ஆளுக்கு அல்ல. ஆளைத் தேடுவது நம் வேலை.

2. குடும்பத் தோட்டம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

பெரிய மாளிகை, அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே சொந்தக்காரரின் தோட்டம் என்று கற்பனை செய்தால் பர்கண்டி புரியாது. 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு பிள்ளைகளுக்கெல்லாம் சமபங்கு என்று ஆக்கியது. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பாகப்பிரிவினை. க்ளோ தெ வூஜோ என்ற மதில் சூழ்ந்த 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 சொந்தக்காரர்கள். உலகமே கொண்டாடும் மோன்ரஷே நிலம் 8 ஹெக்டேர்தான், அதையும் பதினைந்து பேருக்கு மேல் பங்கு போட்டிருக்கிறார்கள். தனிப்பெயர் கொண்ட இத்தகைய துண்டு நிலங்களை அங்கே க்லிமா என்பார்கள். டிஜோனிலிருந்து தெற்கே நீளும் இந்தச் சரிவின் 1,247 க்லிமாக்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆக, ஒரு சிறு குடும்பத்திடம் பத்து ஹெக்டேருக்கும் குறைவான நிலம் இருக்கும், அதுவும் நாலைந்து ஊர்களில் துண்டு துண்டாக. சிலது சொந்தம், சிலது சித்தப்பா வீட்டு நிலம் குத்தகைக்கு, சிலது விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு. நிலத்தை இன்னும் "ஊவ்ரே" என்ற பழைய அளவில் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு ஆள் ஒரு நாளில் வேலை செய்து முடிக்கக்கூடிய பரப்பு அது. நம் கணக்கில் பத்தரை சென்ட் சொச்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு நல்ல ப்ரமியே க்ருவில் 25 சென்ட் இருக்கிறது. நல்ல வருடத்தில் 500 லிட்டர் சாறு கிடைக்கும். பர்கண்டியின் மரப்பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும், அதிலிருந்து சுமார் 300 பாட்டில் வரும். அப்படியென்றால் இரண்டு பீப்பாய், 600 பாட்டில் சொச்சம். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். விலை ஏன் அப்படி, நீங்கள் கேட்ட பாட்டில் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

வேலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ருசி அங்கிருந்துதான் வருகிறது. ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 10,000 கொடிகள். குளிர்காலம் முழுக்கக் கவாத்து. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடை. குலையோடு பிழிந்து, சாற்றை ஒரு ராத்திரி தெளியவிட்டு, பீப்பாயில் ஊற்றுகிறார்கள். நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் மண்டியாகத் தங்கும். நல்லெண்ணெய்ப் பாத்திரத்து மண்டியை நாம் ஒதுக்கிவிடுவோம், இவர்கள் ஒதுக்குவதில்லை. ஒயினை மாதக்கணக்கில் அந்த மண்டிமேலேயே விட்டுவைக்கிறார்கள். வாயில் உணரும் அந்தத் திரட்சியும், ரொட்டி சுட்ட மணமும் அங்கிருந்து வருகின்றன. ஒரு தடியை விட்டு மண்டியைக் கிளறிவிடும் பழக்கமும் உண்டு. அதிகம் கிளறினால் ஒயின் கொழுகொழுவென்று ஆகிவிடும் என்று இப்போது பல குடும்பங்கள் குறைத்துக்கொண்டன, சிலர் நிறுத்தியே விட்டார்கள். முதல் குளிர்காலம் பீப்பாயில், அடுத்த சில மாதம் தொட்டியில், பிறகு பாட்டிலில் என்பது பலருடைய வழக்கம்.

இன்னொன்று. புலின்யியில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் ஆழமான நிலவறை தோண்ட முடியாது. பக்கத்து மெர்சோவில் முடியும். அந்தக் குளிர்ந்த ஆழத்தில் பீப்பாய்கள் இரண்டாவது குளிர்காலத்தையும் கழிக்க வசதி இருந்தது. மெர்சோவுக்குத் திரட்சி, புலின்யிக்குக் கூர்மை என்று சொல்லிவரும் வித்தியாசத்துக்கு மண் ஒரு காரணம் என்றால், இந்த நிலவறையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

3. லேபிளைப் படியுங்கள்

பாட்டிலைக் கையில் எடுத்ததும் பார்வை பெரிய எழுத்தில் உள்ள ஊர்ப்பெயருக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டுக் கீழே சின்ன எழுத்துக்கு வாருங்கள். "மீஸான் பூத்தேய் ஓ தொமேன்" என்று இருக்கிறதா? தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று அர்த்தம். தொமேன் என்ற சொல்லைத் தாங்களே வளர்த்த திராட்சைக்கு மட்டும்தான் போடலாம், நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்கலாம். "மீஸான் பூத்தேய் பார்" என்று சொல்லி ஒரு கம்பெனி பெயர் வந்தால், பெரும்பாலும் திராட்சையையோ ஒயினையோ பிறரிடம் வாங்கி அடைக்கும் வணிகர். அதில் குற்றமில்லை, அருமையான வணிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாம் தேடுவது வேறு. பனியில் விளைச்சல் போன வருடங்களில் சிறு குடும்பங்களே பக்கத்துக்காரர்களிடம் திராட்சை வாங்கி ஒயின் செய்வதுண்டு. அப்போது அதே குடும்பப் பெயர் இருக்கும், தொமேன் என்ற சொல் மட்டும் இருக்காது. அதைக் கவனித்து, அது எந்தத் திராட்சை என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, குடும்பப் பெயர். எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். ஷசான்யுவில் கோலேன், மொரே, கன்யார் என்ற பெயர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும். எல்லாரும் ஒருவருக்கொருவர் பங்காளிகள் அல்லது சம்பந்திகள். அண்ணன் ஒரு தோட்டம், தம்பி ஒரு தோட்டம், மருமகன் ஒரு தோட்டம். அதனால் குடும்பப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் வேறு யாருடைய பாட்டிலோ கைக்கு வரும். முதற்பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கோடு போட்ட இரட்டைப் பெயர் வந்தால் பெரும்பாலும் முதலில் கணவர் வீட்டுப் பெயர், அடுத்து மனைவி வீட்டுப் பெயர். கோலேன்-மொரே, கோஷ்-தியுரி போன்ற பெயர்களைப் பாருங்கள், ஒரு கல்யாணமும் இரண்டு வீட்டு நிலங்களும் அந்தச் சின்னக் கோட்டில் இருக்கின்றன. யாருடைய நிலம் எங்கிருந்து வந்தது என்று லேபிளே பாதிக் கதை சொல்லிவிடும்.

பின்பக்க லேபிளில் இறக்குமதி செய்பவர் பெயர் இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்து வையுங்கள். அவரே கொண்டுவரும் மற்றக் குடும்பங்களின் ஒயினும் உங்களுக்குப் பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

4. கீழ்ப்படியிலிருந்து தொடங்குங்கள்

மோன்ரஷேயில் தொடங்காதீர்கள். காசு பிரச்சினை ஒருபுறம், ஒப்பிட்டுப் பார்க்க நாக்கில் இன்னும் எதுவும் பதிந்திருக்காது என்பது மறுபுறம்.

முதல் பாட்டில், மெர்சோவிலோ புலின்யியிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் பூர்கோன் ப்லான், அதாவது பொதுப்பெயர் கொண்ட வெள்ளை ஒயின். ஊர் எல்லைக்குச் சற்றுக் கீழே, சமவெளி தொடங்கும் இடத்துத் திராட்சை பெரும்பாலும் அதில் போகும். அதே கைகள், அதே பிழிபொறி, அதே நிலவறை. ஒரு குடும்பத்தின் நேர்மையை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோலே இதுதான்: கடைசித் தரத்து ஒயினை எப்படிச் செய்கிறார்கள்? அதில் அக்கறை தெரிந்தால் அந்த வீட்டு மற்ற ஒயின்களையும் தைரியமாக வாங்கலாம்.

இரண்டாவது, மக்கோன் பக்கத்துச் சேன்-வெரான் அல்லது விரே-க்லெஸ்ஸே. வெயில் கூடிய தெற்கு, பழுத்த பழத்தின் ருசி, விலையும் இன்னும் கைக்கு எட்டுகிறது. பக்கத்திலேயே இருக்கும் புயி-ஃபுயிசேயில் 22 க்லிமாக்களுக்கு 2020 விளைச்சலிலிருந்து ப்ரமியே க்ரு தகுதி கிடைத்திருக்கிறது. மக்கோன் பகுதிக்கு இது முதல்முறை.

மூன்றாவதைத்தான் நான் மனதார சிபாரிசு செய்வேன்: சேன்தோபேன். புலின்யிக்கும் ஷசான்யுவுக்கும் பின்னால், பக்கப் பள்ளத்தாக்கில் சற்று உயரத்தில் இருக்கும் ஊர். முன்பு குளிர் அதிகம், திராட்சை பழுக்காது என்று ஒதுக்கிய இடம். வெயில் கூடிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் அந்தக் குளிர்ச்சியே அதற்கு வரமாகிவிட்டது. அங்குள்ள அன் ரெமியி என்ற ப்ரமியே க்ரு, மோன்ரஷே நிலங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒருமுறை குடித்துப் பாருங்கள், எலுமிச்சைத் தோல், ஈரக்கல், நுனிநாக்கில் ஒரு உப்புச் சாயல்.

இவை மூன்றையும் குடித்தபின் மெர்சோ, புலின்யி, ஷசான்யு என்று ஊர்ப்பெயர் ஒயினுக்குப் போகலாம். மெர்சோவில் க்ரான் க்ரு ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரியேர், ஷார்ம், ஜெனெவ்ரியேர் என்ற மூன்று ப்ரமியே க்ருக்கள் யாருக்கும் சளைத்தவை அல்ல.

5. வருடத்தைப் பாருங்கள், ஆனால் அதற்கு அடிமையாகாதீர்கள்

ஷார்தொனே சீக்கிரம் துளிர்க்கும். ஏப்ரலில் பின்பனி இறங்கினால் முதலில் கருகுவது அதுதான். 2021 ஏப்ரல் முதல் வாரத்து இரவுகளில் வரிசைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான மெழுகு டப்பாக்களைக் கொளுத்தி வைத்துக் காவல் காத்தார்கள். அப்படியும் பலருக்குப் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது புளிப்பு நிமிர்ந்து நிற்கும், பழைய பாணி ஒயின். 2022-உம் 2023-உம் தாராளமான விளைச்சல், தேடினால் கிடைக்கும். 2024-இல் ஓயாத மழை, அடிச்சாம்பல் நோய், மறுபடி குறைந்த விளைச்சல், ஷப்லிக்குப் பலத்த அடி. வெள்ளைக்கு 2014, 2017, 2020 ஆகியவை பொதுவாக மெச்சப்படுபவை. ஆனாலும் மோசமான வருடம் என்று பெயரெடுத்த ஆண்டில் நல்ல குடும்பம் செய்ததை வாங்குங்கள். கெட்டதையெல்லாம் கையால் பொறுக்கி எறிந்துவிட்டுச் செய்திருப்பார்கள், கடையில் போட்டியும் குறைவாக இருக்கும்.

6. நேரில் போவதானால்

டிஜோனிலிருந்து போன் நகரத்துக்கு ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம், அங்கிருந்து மெர்சோவுக்குச் சைக்கிளிலேயே போகலாம். கட்டாயம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இது கடை அல்ல, வீடு. அறுவடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். மதியம் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம்.

நான் முதல்முறை போன வீட்டில் அம்மாதான் கதவைத் திறந்தார், கையில் லேபிள் பசை. மகன் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து நிலவறைக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் மேல்துளையில் இறக்கி, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்தான், விரலைச் சற்றே தளர்த்தியதும் கிளாஸில் ஒயின் இறங்கியது. கலங்கல், மோர்த் தண்ணீர் நிறம். நான் குடித்ததும் மிச்சத்தைக் கொட்டப் போனேன். அவன் கையை நீட்டி கிளாஸை வாங்கி, மிச்சத்தை அதே பீப்பாய்க்குள் ஊற்றினான். ஒரு மடக்கு ஒயினுக்கு அங்கே இருக்கும் மரியாதை அன்றுதான் எனக்கு உறைத்தது.

அங்கே சிவப்பை முதலில் தந்து வெள்ளையை அப்புறம் தருவார்கள், ஆச்சரியப்பட வேண்டாம். வெள்ளையின் புளிப்புக்குப் பிறகு சிவப்பு கரகரப்பாகத் தெரியும் என்பது அவர்கள் அனுபவம். துப்புவதற்குத் தொட்டி இருக்கும், துப்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கிளம்பும்போது இரண்டு மூன்று பாட்டிலாவது வாங்குவதுதான் முறை. அடுத்த வருடமும் எழுதுங்கள். சிறு குடும்பங்கள் தொடர்ந்து வருகிறவர்களுக்குத்தான் எடுத்து வைப்பார்கள்.

7. வீட்டில் வைத்திருப்பது

12 முதல் 14 டிகிரி, வெளிச்சம் படாத இடம், பாட்டில் படுத்த நிலையில். வெயில் ஊரில் இருப்பவர்கள் ஒயினுக்கென்று உள்ள சிறு ஃபிரிட்ஜ் வாங்குங்கள், இல்லையென்றால் வாங்கிய சில வாரங்களில் குடித்துவிடுங்கள். காருக்குள் ஒரு மதியம் விட்டால்கூடப் போதும், ஒயின் போய்விடும்.

எவ்வளவு காலம் வைக்கலாம்? ஒரு மெர்சோ ப்ரமியே க்ருவை ஏழு வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். திறந்தபோது தேநீர் நிறம், வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிளின் மணம். ஆறு பாட்டிலில் நான்கு அப்படி, இரண்டு மட்டும் பளிச்சென்று இருந்தன. 1990-களின் நடுப்பகுதி விளைச்சல்களிலிருந்து பர்கண்டியையே உலுக்கிய பிரச்சினை இது: காலத்துக்கு முன்பே காற்றுப்பட்டு மூப்படைவது. கார்க்கின் தரம், ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்தது, மண்டியை அதிகம் கிளறியது, பிழிந்த விதம் என்று பல காரணங்கள் சேர்ந்து வந்தது. இப்போது கார்க் தூளைச் சுத்தம் செய்து அழுத்திச் செய்த கார்க், வாயில் மெழுகு முத்திரை என்று பல குடும்பங்கள் மாறிவிட்டதால் நிலைமை தேறியிருக்கிறது. இருந்தாலும் என் கணக்கு: பொதுப்பெயர் ஒயின் 2 முதல் 4 வருடத்துக்குள், ஊர்ப்பெயர் 4 முதல் 7, ப்ரமியே க்ரு 6 முதல் 10. மூன்று பாட்டில் வாங்கினால் ஒன்றை முன்கூட்டியே திறந்து பாருங்கள்.

8. திறப்பதும் ஊற்றுவதும்

மெழுகு போட்ட பாட்டிலைக் கத்தியால் சுரண்டாதீர்கள், துணுக்கெல்லாம் ஒயினில் விழும். திருகியை மெழுகின் நடுவே நேராக இறக்குங்கள். கார்க்கைப் பாதி மட்டும் இழுங்கள், மெழுகு உடைந்து மேலெழும். ஈரத் துணியால் சுற்றிலும் துடைத்துவிட்டு மீதியை இழுங்கள். கார்க்கின் அடியில் கற்கண்டுத் தூள் போல மின்னினால் பயப்பட வேண்டாம், குளிரில் உறைந்த திராட்சையின் இயற்கையான புளிப்பு உப்பு, கெடுதல் ஒன்றுமில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே ஊற்றினால் குளிர்ந்த புளிப்பு மட்டும்தான் தெரியும். சூடான அறையில் 15 நிமிடம், மிதமான அறையில் அரை மணி வெளியே வையுங்கள். 12 டிகிரிக்கு வந்ததும் மணம் எழும்பும். வயிறு அகன்ற கிளாஸ், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

முகர்ந்ததும் தீக்குச்சி உரசிய வாடை வந்தால், காற்றுப்படாமல் வளர்த்ததன் அடையாளம். கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க் கெட்டிருக்கிறது. எவ்வளவு பொறுத்தாலும் போகாது, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுங்கள். வெண்ணெய் மணம், கூர்மையான புளிப்பு மோர்ப் புளிப்பாக மாறும் இரண்டாவது நொதிப்பில் வருவது. வறுத்த முந்திரி மணம் ஓரளவு வயதானதும் வரும். விழுங்கிய பின் தாடை ஓரத்தில் வாய் ஊறுகிறதா, ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று பாருங்கள். நான் மணங்களின் பெயரை எழுதுவதைவிட இதைத்தான் எழுதி வைக்கிறேன்.

சாப்பாட்டுக்கு அந்த ஊர்க்காரர்கள் காளானும் பாலாடையும் சேர்த்த ப்ரெஸ் கோழி, முற்றிய கொம்தே சீஸ், சீஸ் போட்டுச் சுட்டெடுத்த குஜேர் என்ற உப்பிய பண்டம் ஆகியவற்றை வைப்பார்கள். மிளகாய்க் காரம் இந்த ஒயினை அடித்துவிடும். தேங்காய்ப்பால் சொதி மாதிரி மென்மையான குழம்போடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

கடைசியாக ஒரு வேலை. முதல் நாளே பாட்டிலை முடிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை விட்டு, அதே கார்க்கை அழுத்திமூடி, ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்தி வையுங்கள். மறுநாள் மாலை எடுத்து, முதல் நாள் வைத்த அதே நேரம் வெளியே வைத்து, அதே கிளாஸில் ஊற்றிப் பாருங்கள். முந்தைய நாளைவிட மணம் விரிந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயரை, முதற்பெயரோடு சேர்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.